விளக்கு அணைந்த பிறகு வரும் ஈரம்

தாம்பரம் பக்கம், மொட்டை மாடிக்கு நேர் கீழே, பத்துக்குப் பத்து அறை. இரண்டு இரும்பு ரேக். ரேக்குக்கு நான்கு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் ஏறக்குறைய 1 சதுர மீட்டர். மைக்ரோகிரீன்ஸ், லெட்டூஸ், நம் துளசிக்கு உறவான பேசில், கொஞ்சம் நாற்றுத் தட்டுகள். இவைதான் என் சாகுபடி. ஓர் ஆவணி மாத விடியலில் கதவைத் திறந்தேன். குழித்தட்டில் நின்ற பேசில் நாற்றுகள் தண்டின் அடியில் இற்றுப்போய் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. விரலால் தொட்டால் வழுவழுவென்று கையோடு வந்தன. கோகோபீட் மேல் வெள்ளை நூல் படர்ந்திருந்தது. ரேக்குக்கு எதிர்ச் சுவரில் வேர்த்ததுபோல் நீர் வழிந்துகொண்டிருந்தது.

சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 24 டிகிரி காட்டியது. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் சரி என்று சொல்லும் அளவு அது. பக்கத்திலிருந்த ஈரமானியில் 98.

விளக்குச் சூட்டை விரட்டப் பட்டபாடு அத்தனையும் பலித்திருந்தது. ஏசி தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் நாற்று செத்தது சூட்டால் அல்ல. சின்ன அறைக்குள் பலமான விளக்குகளின் கீழ் செடி வளர்ப்பது பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி வாட்டுக் கணக்குத்தான்: எத்தனை வாட் விளக்கு, எத்தனை கன அடி காற்று, எத்தனை டன் ஏசி. செடி இலைவழியே வெளியே விடும் தண்ணீரை யாரும் அதே அக்கறையோடு கணக்கில் எடுப்பதில்லை. கடற்கரை ஓரத்து ஊர்களில் அந்தத் தண்ணீர்தான் முதல் கேள்வி. இந்தத் துறையில் தெரிந்தவற்றை எல்லாம் அந்தக் கேள்வியின் கண் கொண்டு ஒருமுறை பார்த்துவிடலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்விளக்கில் செடி வளர்க்கும் ஆசை புதிதல்ல. 1880இல் இங்கிலாந்தில் வில்லியம் சீமென்ஸ் வில்விளக்கு வெளிச்சத்தில் செடிகளை வளர்த்துப் பார்த்தார். அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லி அதே சோதனையை விரிவாகச் செய்தார். உறை இல்லாத வில்விளக்கு இலையைக் கருக்குவதையும், இடையே ஒரு கண்ணாடியை வைத்தால் சேதம் குறைவதையும் அவர் கண்டார். விளக்குக்கும் செடிக்கும் நடுவே ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே தொடங்கிவிட்டது. 1949இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஃபிரிட்ஸ் வென்ட் அமைத்த ஃபைட்டோட்ரான், வெப்பம், ஈரம், ஒளி மூன்றையும் தனித்தனியே ஆளும் முதல் பெரிய கூடம். பின்னால் வந்த ஆய்வு அறைகள் பலவற்றில் விளக்குகளைக் கண்ணாடித் தடுப்புக்கு மேலே தனி அறையில் வைத்து, அந்த அறைக்கு மட்டும் தனிக் காற்று ஓட விட்டார்கள். சில இடங்களில் கண்ணாடி மேல் மெல்லிய நீர்ப்படலத்தை நிறுத்தி அகச்சிவப்புக் கதிர்களை அதிலேயே உறிஞ்சவைத்தார்கள். இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம் ஒன்றுதான். அன்றைய விளக்குகள் வெளிச்சத்தைவிடச் சூட்டை அதிகம் தந்தன.

இன்று எல்இடி வந்துவிட்டதால் சூட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே ஓர் அடிப்படையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அறைக்குள் செலவாகும் மின்சாரம் எந்த விளக்கு வழியாக வந்தாலும் கடைசியில் சூடாகத்தான் முடியும். வெளிச்சமும் இலையிலும் சுவரிலும் பட்டு உறிஞ்சப்பட்டுச் சூடாகிறது. ஒளிச்சேர்க்கை பிடித்துவைப்பது அதில் சில சதவீதம் மட்டுமே. 600 வாட் எல்இடியும் 600 வாட் சோடியம் விளக்கும் அறைக்குத் தரும் மொத்தச் சூடு ஒன்றே. வேறுபாடு, அதே 600 வாட்டுக்குச் செடிக்கு எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதில்தான்.

இதை ஒரு ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் என்று அளக்கிறார்கள். 2014இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நெல்சனும் பக்பீயும் வெளியிட்ட ஆய்வில், அப்போதைய மிகச் சிறந்த எல்இடியும் மிகச் சிறந்த சோடியம் விளக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 1.7 மைக்ரோமோல் அளவில் நின்றன. அதன் பிறகு எல்இடி வெகுதூரம் போய்விட்டது. நல்ல பட்டை விளக்குகள் இன்று 2.5ஐத் தாண்டுகின்றன. சாதாரணக் குழல் விளக்கு ஒன்றுக்கும் கீழே.

என் அறைக்கே கணக்குப் போடுகிறேன். 8 சதுர மீட்டர் அடுக்கு, கீரை வகைக்குச் சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் போதும், மொத்தம் 1,600. நல்ல எல்இடியில் இதற்கு 640 வாட். குழல் விளக்கில் ஏறக்குறைய 1,800 வாட், அதாவது ஐம்பது குழல் விளக்கு. ஒரு டன் ஏசி என்பது 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றுவது. முதல் வகைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். இரண்டாவதற்குப் பாதி டன் வேண்டும். ஆகவே அறையைக் குளிர்விக்கும் முதல் கருவி ஏசியும் அல்ல, மின்விசிறியும் அல்ல. விளக்கை வாங்கும்போது எடுக்கும் முடிவுதான். அட்டைப்பெட்டியில் 1,000 வாட் என்று அச்சிட்டு, சுவரிலிருந்து 100 வாட் கூட இழுக்காத விளக்குகள் சந்தையில் நிறைய உண்டு. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிடுவது நல்லது. அந்த மீட்டர் காட்டுவதுதான் அறைக்குள் விழும் சூடு.

சூட்டை வெளியேற்ற ஆதி வழி காற்றோட்டம். கணக்கு எளிது. வாட்டை மூன்றால் பெருக்கி, உள்ளே வெளியே எத்தனை டிகிரி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்வோமோ அதால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்பது கிடைக்கும். 640 வாட்டுக்கு 3 டிகிரி என்றால் 640 கன மீட்டர், மின்விசிறிக் கடை மொழியில் 375 சிஎஃப்எம். என் அறையின் மொத்தக் காற்று 25 கன மீட்டர்தான். மணிக்கு 25 முறை அறைக்காற்று மாற வேண்டும். முடியாத காரியமல்ல. ஆனால் இத்தனை காற்று ஓடினாலும் அறை, வெளியைவிட 3 டிகிரி கூடுதலாகவே நிற்கும். சித்திரை வெயிலில் வெளியே 38 என்றால் உள்ளே 41. லெட்டூஸ் விதை 30 டிகிரியை ஒட்டியே முளைக்க மறுத்துத் தூங்கிவிடும். செடியோ கசந்து பூந்தண்டு விடும்.

இந்த விஷயத்தில் நம்மை வழிதவறச் செய்வது குளிர்நாட்டு அறிவுரை. சிறிய கூடாரம், குழாய் வழியே இழுக்கும் விசிறி, கரி வடிகட்டி என்ற ஏற்பாடு முழுவதும் கனடா, நெதர்லாந்து போன்ற நாடுகளின் நிலவறைகளிலும் பரண்களிலும் உருவானது. அங்கே வெளிக்காற்று வருடத்தில் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே. குளிர்ந்த, உலர்ந்த காற்றை இழுத்து, சூடான, ஈரமான காற்றைத் தள்ளினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும். அங்கே ஈரத்தைத் தனியாக எண்ண வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை. அதனால்தான் அவர்களுடைய கணக்கில் அது இல்லை. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துவந்து சென்னையில் வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம் நாட்டிலேயே அந்த முறை பொருந்தும் இடங்கள் இருக்கின்றன. உதகையிலும் கொடைக்கானலிலும் ஏசி என்ற பேச்சுக்கே இடமில்லை. மார்கழி இரவில் விளக்குச் சூடு செடிக்கு வரம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே சூட்டைச் சுமக்க ஏறக்குறைய கால் பங்கு அதிகக் காற்று ஓட வேண்டும். சமவெளியிலும் மார்கழி, தை மாதங்களில் காற்றோட்டம் மட்டுமே போதுமான நாட்கள் வரும். அப்போது அதைப் பயன்படுத்தாமல் ஏசியை ஓட்டுவது வீண்.

விசிறி விஷயத்தில் நான் பணம் கொடுத்துக் கற்றது கொஞ்சம் உண்டு. பெட்டியில் 200 சிஎஃப்எம் என்று போட்டிருந்த ஒரு விசிறியை வாங்கி, நான்கு அங்குல மடங்கு குழாயை இரண்டு வளைவோடு இணைத்து, வெளிவாயில் கொசுவலை கட்டினேன். வந்த காற்று எதிர்பார்த்ததில் பாதி கூட இல்லை. பெட்டியில் எழுதியிருப்பது எந்தத் தடையும் இல்லாதபோது ஓடும் காற்று. ஒவ்வொரு வளைவும், சுருங்கிக் கிடக்கும் குழாயின் ஒவ்வொரு மடிப்பும், வலையும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆறு அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு நான்கு அங்குலத்தைப்போல் இரண்டேகால் மடங்கு. மாற்றிய அன்றே வித்தியாசம் கையில் தெரிந்தது. வெள்ளை ஈயும் இலைப்பேனும் நுழையாத நெருக்கமான வலை வேண்டும் என்றால், அந்த வலையின் பரப்பைக் குழாய் வாயைவிடப் பல மடங்கு பெரிதாக, ஒரு பெட்டிபோல் செய்து மாட்ட வேண்டும். வாசனையை மறைக்கத் தேவையில்லாத நமக்குக் கரி வடிகட்டி எதற்கு? பெரிய விசிறியை வாங்கி மெதுவாக ஓட்டுவதே சிக்கனம். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், மின்சாரம் எட்டில் ஒன்றாகும்.

காற்று எங்கே போகிறது என்று பார்க்க ஊதுபத்தியைப்போல் சிறந்த கருவி இல்லை. மற்ற விசிறிகளை நிறுத்திவிட்டு ஒரு பத்தியைக் கொளுத்தி, காற்று உள்ளே வரும் துளையருகே பிடித்தேன். புகை அடுக்குகளின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் தரையோடு ஓடி, எதிர்ச் சுவரேறி, நேராக எக்ஸாஸ்ட் ஃபேனுக்குள் போய்விட்டது. நடு அடுக்குகளுக்குள் பத்தியை நீட்டினால் புகை நூல்போல் நேராக நின்றது. அங்கே காற்று அசையவே இல்லை. மணிக்கு 25 முறை காற்று மாறும் அறையின் நடுவில், செடிகள் பெட்டியில் பூட்டியதுபோல் நின்றிருக்கின்றன.

இந்த அசையாத காற்று லெட்டூஸுக்குச் செய்யும் கெடுதலை ஜப்பானியர்கள் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். லெட்டூஸின் உள் குருத்தின் நுனி பழுப்பாகிக் கருகும். பார்ப்பவர் விளக்குச் சூடு என்று நினைப்பார்கள். உண்மையில் அது சுண்ணாம்புச்சத்துப் பற்றாக்குறை. தண்ணீரில் சத்து இருந்தும் குருத்துக்கு ஏறவில்லை. குருத்திலிருந்து நீர் ஆவியாகாவிட்டால் சத்தை மேலே இழுக்க ஆள் இல்லை. 1992இல் கோட்டோவும் தக்காகுராவும் குருத்துக்கு மேலிருந்து மெல்லிய காற்றை ஊதி இந்தக் கருகலைத் தடுத்தார்கள். கணினிப் பெட்டிகளில் இருக்கும் சிறிய 12 வோல்ட் விசிறிகளை அடுக்குக்கு இரண்டாக மாட்டினால் நம் அளவுக்குப் போதும். இலை நடுங்க வேண்டும், வளையக் கூடாது.

இனி அந்தத் தண்ணீர்.

என் அறையின் 8 சதுர மீட்டர் செடிக்கு நாளுக்கு ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறேன். அறுவடையில் வெளியே போகும் சிறு பங்கு தவிர எல்லாமே ஆவியாகி அறைக்காற்றில் கலக்கிறது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். அறை முழுவதும் உள்ள காற்று, நிரம்பி வழியும் நிலையில்கூட, 600 கிராமுக்கும் குறைவாகத்தான் தாங்கும். நான் ஊற்றுவதோ 8 லிட்டர். அறை 70 சதவீத ஈரப்பதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 100க்குக் கொண்டுபோக இன்னும் 180 கிராம் போதும். ஒரு டம்ளர் தண்ணீர்.

விளக்கு எரியும்வரை இது வெளியே தெரிவதில்லை. நீர் ஆவியாகும்போது சூட்டை வாங்கிக்கொள்கிறது. 1 லிட்டர் ஆவியாக 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு தேவை. ஆகவே விளக்குகள் 16 மணி நேரத்தில் கொட்டும் 10 யூனிட்டுச் சூட்டில் பாதியைச் செடிகளே நீராவியாக மாற்றிவிடுகின்றன. வெப்பமானி அதைக் காட்டாது. மறைந்திருப்பதால்தான் பள்ளிப் பாடத்தில் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். மீதிப் பாதிச் சூட்டை எடுக்க ஏசி ஓடுகிறது. ஓடும்போது அதன் குளிர்ந்த சுருளில் ஈரமும் படிந்து வடிகிறது. எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றும்.

விளக்கு அணைந்ததும் காட்சி மாறுகிறது. சூடு நின்றுவிட்டது, அறை சீக்கிரமே 24 டிகிரிக்கு வந்துவிட்டது, ஏசியின் கம்ப்ரசர் தன் வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. ஆனால் நனைந்த கோகோபீட்டும் இலைகளும் நீரை விடுவதை நிறுத்துவதில்லை. பகலளவு இல்லை, குறைவுதான்; ஆனால் ஒரு டம்ளர் போதும் என்று பார்த்தோமே. ஒரு மணி நேரத்தில் அந்த டம்ளர் நிரம்பிவிடும். கம்ப்ரசர் நின்ற பிறகும் ஏசியின் உள்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால், சுருளில் தங்கிய நீரும் மறுபடி ஆவியாகி அறைக்குத் திரும்பும். சுவர் வேர்க்கும். இலைமேல் நீர் படியும். நாற்றழுகல் பூஞ்சைக்கும் சாம்பல் பூஞ்சணத்துக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? என் பேசில் நாற்றுகள் செத்த இரவில் நடந்தது இதுதான். பெரிய ஏசி வாங்கினால் நல்லது என்ற எண்ணம் இதை இன்னும் கெடுக்கும். தேவைக்கு மேல் பெரிய ஏசி ஐந்து நிமிடத்தில் அறையைக் குளிர்வித்து நின்றுவிடும். ஈரம் வடிய நேரமே கிடைக்காது.

எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஈரத்தை வெளியே தள்ளிவிடலாமே என்று தோன்றும். நானும் ஒரு வாரம் அப்படித்தான் செய்தேன். சென்னையில் வைகாசி இரவு 29 டிகிரி, ஈரப்பதம் 75 என்று கொள்வோம். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 21 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது. 25 டிகிரியில் 65 சதவீதமாக வைத்திருக்க விரும்பும் என் அறைக்காற்றில் 15 கிராம். 200 சிஎஃப்எம் ஓடும் விசிறி மணிக்கு 340 கன மீட்டர் காற்றை மாற்றுகிறது. கன மீட்டருக்கு 6 கிராமுக்கு மேல் கூடுதல் ஈரம். மணிக்கு 2 லிட்டருக்கு மேல் தண்ணீரை நானே அறைக்குள் இழுத்துவருகிறேன். அதை வடிக்க ஏசி எடுக்க வேண்டிய சூடு, என் விளக்குகள் எல்லாம் சேர்ந்து தருவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஏசியையும் எக்ஸாஸ்ட்டையும் ஒன்றாக ஓட்டுவதுதான் நம் ஊர் வளர்ப்பறைகளில் நான் காணும் மிகப் பெரிய தவறு. ஒன்று திறந்த அறை, அல்லது மூடிய அறை. இரண்டுக்கும் நடுவே நிற்பது மின்கட்டணத்தைக் கொட்டுவது.

ஏர் கூலர் பற்றியும் கேட்கிறார்கள். அது நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. வேலூரில் கோடை மதியம் 42 டிகிரி, ஈரப்பதம் 25 என்று இருக்கையில் அது காற்றை 30க்கு அருகே இறக்கிக் காட்டும். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் ஈரத்திண்டும் விசிறியும் பயன்படுவது இந்தக் கணக்கில்தான். கடற்கரையில், அதுவும் மூடிய அறையில், அது நோயை அழைத்துவரும் கருவி.

மூடிய அறையை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்துத் தொயோகி கோசாய். சுவரெல்லாம் வெப்பக்காப்பு, காற்று ஏறக்குறைய கசியவே கசியாத கட்டடம், உள்ளே அடுக்கடுக்காக விளக்கும் செடியும். செடி விட்ட நீரைக் குளிர்சுருளில் பிடித்து மறுபடி செடிக்கே ஊற்றுகிறார்கள். இப்படிப்பட்ட கூடங்களில் மின்செலவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு விளக்குக்கே போகிறது, குளிர்விக்க எஞ்சியதில் பெரும்பகுதிதான். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய தெளிவு வந்தது: நன்றாகக் காப்பிட்ட அறையில் குளிர்விப்பது சின்னச் செலவு. அது பெரிய செலவாகத் தெரிகிறதென்றால் கோளாறு அறையில் இருக்கிறது.

மூடினால் வரும் ஒரு சிக்கல் கரியமில வாயு. என் அறைக்காற்றில் அது மொத்தம் 20 கிராம்தான் இருக்கிறது. நன்றாக வளரும் லெட்டூஸ் இரண்டு மணி நேரத்துக்குள் அதைப் பாதியாக்கிவிடும். பிறகு விளக்கு எரிந்தும் பயனில்லை. பெரிய கூடங்களில் சிலிண்டரிலிருந்து வாயு விடுகிறார்கள். வீட்டு அறையில் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கதவிடுக்கும் ஜன்னல் சந்தும் தரும் கசிவோடு, உள்ளே நின்று வேலை செய்யும் ஒருவரின் மூச்சு மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் வாயுவைத் தருகிறது. நான் காலையில் ஒரு மணி நேரம் தட்டுகளை மாற்றும் வேலை பார்ப்பது செடிக்கு உணவும் ஆகிறது.

அப்படியானால் இரவு ஈரத்துக்கு என்னதான் வழி? நான் கண்டவற்றில் செலவே இல்லாதது, விளக்கு நேரத்தை மாற்றியது. இரண்டு ரேக்குக்கும் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும், ஆனால் ஒரே 16 மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை. முதல் ரேக்கை மாலை 6 மணிக்கு ஏற்றி மறுநாள் காலை 10க்கு அணைக்கிறேன். இரண்டாவது ரேக் நள்ளிரவு கழிந்து 2 மணிக்கு எரியத் தொடங்கி மாலை 6க்கு அணைகிறது. இரண்டும் ஒன்றாக எரிவது அதிகாலை 2 முதல் காலை 10 வரை. நாளின் குளிர்ந்த எட்டு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் ஒன்று மட்டும் எரிகிறது. எந்த நேரத்திலும் அறையில் பாதி விளக்காவது எரிவதால் கம்ப்ரசர் முழுதாக ஓய்வதே இல்லை, ஈரம் வடிந்துகொண்டே இருக்கிறது. இருட்டு நேரத்தில் பக்கத்து வெளிச்சம் பட்டால் கீரைக்குப் பாதகமில்லை. சாமந்திபோல் இரவின் நீளத்தை எண்ணிப் பூக்கும் செடி என்றால் நடுவே கறுப்புத் துணி தொங்கவிட வேண்டும். தண்ணீரையும் விளக்கு ஏறிய முதல் சில மணி நேரத்துக்குள் ஊற்றிவிடுகிறேன். ஈரத்தோடு எந்தத் தட்டும் இருட்டுக்குள் போகக் கூடாது.

இதற்கு மேல் ஓர் ஈரமுறிஞ்சிக் கருவி வாங்கினேன். நாளுக்கு 20 லிட்டர் என்று எழுதியிருந்தது. அந்த எண் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. என் அறையின் 24 டிகிரியில் பாதி கிடைத்தால் நல்லது என்று நினைத்தே வாங்கினேன். அது சூட்டைக் குறைக்காது, கூட்டும். நீராவி தண்ணீராகும்போது முன்பு வாங்கிய சூட்டையெல்லாம் திருப்பித் தரும், கருவியின் சொந்த மின்சாரமும் அதோடு சேரும். ஆனால் விளக்குகள் குறைந்திருக்கும் நேரத்தில் அந்தச் சூடுதான் ஏசியை மறுபடி ஓடவைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பதுபோல் தோன்றினாலும், இரண்டு பேரும் வடிப்பது ஒரே தண்ணீரைத்தான்.

இவ்வளவு பேசிவிட்டுக் கூரையை மறந்தால் பாவம். வெறும் கான்கிரீட் தளத்தின் மேல் கோடை வெயில் விழுந்தால், 100 சதுர அடித் தளம் உள்ளே இறக்கும் சூடு என் விளக்குகளின் சூட்டுக்கு ஈடாகிவிடும். அதுவும் நள்ளிரவுவரை விடாது. நம் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதிக்கும் வழக்கம் இதற்கும்தான். வெள்ளைப்பூச்சு அடிப்பதும் பெரிய உதவி. முடிந்தால் கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படும் சுவர் இல்லாத அறையாகத் தேர்ந்தெடுப்பவர் பாதிப் போரை வென்றவர்.

திசு வளர்ப்புக் கூடங்களில் இருந்து ஒரு பாடம். வாழைக் கன்றுகளைக் குப்பியில் பெருக்கும் அந்த அறைகள் 25 டிகிரியில், 16 மணி நேர விளக்கில் இயங்குபவை. பழைய கூடங்களில் குழல் விளக்கின் சோக்குகளை எல்லாம் கழற்றிச் சுவருக்கு வெளியே வரிசையாக மாட்டியிருப்பார்கள். 40 வாட் குழலுக்கு 10 வாட்டுக்கு மேல் தின்னும் சோக்கின் சூட்டை உள்ளே விடாமல் தடுக்கும் எளிய அறிவு அது. எல்இடியின் டிரைவருக்கும் அதுவே பொருந்தும். அங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். ஓர் அடுக்கின் அடியில் மாட்டிய விளக்கு, அந்த அடுக்கின் பலகையையே சூடாக்குகிறது. அந்தப் பலகையில் நிற்கும் குப்பியின் அடி சூடாகவும் மூடி குளிர்ச்சியாகவும் இருப்பதால், உள்ளே நீர் ஆவியாகி மூடியில் முத்து முத்தாகப் படியும். அந்தக் குப்பிச் செடிகள் கண்ணாடிபோல் மினுங்கும் இலைகளோடு வளர்ந்து, வெளியே எடுத்து மண்ணில் வைத்ததும் துவண்டு போகும். பலகைக்கும் விளக்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விட்டால் இது குறையும். அறை முழுக்க 25 டிகிரி என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்திருந்தாலும், செடி வாழ்வது அந்த ஒரு சாண் உயரத்துத் தட்பவெப்பத்தில்தான்.

காற்றைக் குளிர்விப்பதைவிட வேரைக் குளிர்விப்பது மலிவு என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. லீ சிங் காங், ஹெ ஜியே ஆகியோர் 1990களில் வெப்பமண்டல வெயிலில், காற்று 30 டிகிரிக்கு மேல் கொதிக்க, வேருக்கு மட்டும் 20 டிகிரிச் சத்துநீரைத் தெளித்து லெட்டூஸை வளர்த்துக் காட்டினார்கள். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும், 30இல் 7.6தான். சூடேறச் சேமிப்பு குறைகிறது, வேரின் பசியோ கூடுகிறது. வேரழுகல் அங்கேதான் நுழைகிறது. மண்ணில்லா முறையில் வளர்ப்பவர்கள் ஏசிக்குச் செலவிடும் முன் தொட்டித் தண்ணீரைக் குளிர்விப்பதை யோசிக்க வேண்டும்.

பயிர் எது என்பதையும் கேட்டே ஆக வேண்டும். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் 30, 35 டிகிரியில் மகிழ்ச்சியாக ஒளிச்சேர்க்கை செய்பவை. வெயிலிலேயே மூன்று நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அவற்றை விளக்கின் கீழ் வைப்பது மின்சாரத்துக்குச் செய்யும் அநியாயம். குளிர் அறைக்குள் வைக்கத் தகுந்தவை விலை போகும் மைக்ரோகிரீன்ஸ், நாற்றுகள், குப்பிக் கன்றுகள். லெட்டூஸை நான் இன்னும் வளர்ப்பது பாதி பிடிவாதத்தால்.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஏசி நின்று விளக்கு மட்டும் எரிந்தால் சின்ன அறை ஒரு மணி நேரத்தில் சூளையாகிவிடும். 34 டிகிரியைத் தாண்டினால் விளக்குகளைத் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று கட்டாயம் வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே அறையில் புழங்குவதால் 30 மில்லிஆம்பியர் கசிவுக்குத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் அந்த அறைக்குள் யாரையும் விடாதீர்கள். வெப்பமானியும் ஈரமானியும் விளக்கொளி நேரே படாத நிழலில், செடி உயரத்தில் தொங்க வேண்டும்.

என் அறையில் இப்போது ஈரமானியின் இரவு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். ஐப்பசி அடைமழையிலும் 78ஐத் தாண்டவில்லை. ஏசியின் வடிகுழாயையும் ஈரமுறிஞ்சியின் குழாயையும் ஒரே வாளியில் விட்டிருக்கிறேன். நேற்றுக் காலை அதில் 6 லிட்டருக்கு மேல் நிறைந்திருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தொடும். வாளித் தண்ணீரில் மீட்டர் 22 காட்டியது. அதில் சத்துக் கரைசலைக் கலந்து, சில மணி நேரத்தில் அணையவிருந்த முதல் ரேக்கின் நாற்றுகளை விட்டுவிட்டு, அதிகாலை 2 மணிக்கு எரியத் தொடங்கியிருந்த இரண்டாவது ரேக்குக்கு ஊற்றினேன்.